வேதகிரியின் முதுகு

எங்கள் ஊர் கிரிக்கெட் அணிக்கு என் வீட்டுக்காரரைவிடப் பெரிய ரசிகர் யாரும் கிடையாது. இதை நான் சொல்லவில்லை. மைக் செட்டில் வர்ணனை சொல்கிற டேனியலே பலமுறை சொல்லியிருக்கிறான். ஆனால் அந்த அணி ஜெயித்த கடைசிப் பந்து ஒன்றைக்கூட அவர் கண்ணால் பார்த்ததில்லை. அந்த நேரத்தில் அவர் கிரவுண்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ஏரிக்கரைப் பனைமரங்களைப் பார்த்து நின்றுகொண்டிருப்பார். நிற்க வைத்திருப்பார்கள் என்று சொல்வதுதான் சரி.

கேட்பவர்கள் சிரிப்பார்கள். நானும் கல்யாணமான புதிதில் சிரித்தவள்தான். பிறகு பல வருஷம் எரிச்சலில் கிடந்தேன். இப்போது எது இருக்கிறது என்று எனக்கே சரியாகத் தெரியவில்லை.

உத்திரமேரூரிலிருந்து வருகிற டவுன் பஸ் எங்கள் ஊர் ரேஷன் கடையோடு திரும்பிவிடும். அதற்கு மேல் ரோடு இல்லை, ஏரிதான். ஐப்பசி கார்த்திகையில் ஏரி நிரம்பினால் நிலம் வைத்திருப்பவர்கள் முகம் மலரும், மட்டை பிடிக்கிற பையன்கள் முகம் தொங்கிவிடும். தண்ணீர் வற்றினால்தானே கிரவுண்டு? சித்திரையில் நடு ஏரி காய்ந்து பாளம் பாளமாக வெடித்ததும் பையன்கள் மண்வெட்டியோடு இறங்கிவிடுவார்கள். அக்னி நட்சத்திரம் கொளுத்துகிற நாட்களில்தான் டோர்னமென்ட். சுற்றுவட்டாரத்திலிருந்து, திருமுக்கூடல், புள்ளலூர் வரைக்கும் அணிகள் டாட்டா ஏஸில் வந்து இறங்கும். சாமியானா, மைக் செட், குச்சி ஐஸ், தர்பூசணி, கரையில் வெட்டிப் போடுகிற நுங்கு. இப்போது நினைத்தாலும் எனக்கு நாக்கில் அந்த நுங்குத் தண்ணீர்தான் வருகிறது.

பிட்ச் போடுவது எங்கள் வீட்டுக்காரர் வேலை. யாரும் கொடுத்த வேலை இல்லை, அவராக எடுத்துக்கொண்டது. கூலி வேலை முடித்துவிட்டு வந்து, குடத்தில் தண்ணீர் சுமந்து தெளித்து, காலால் மிதித்து, கட்டை வைத்துத் தட்டி, சாணம் மெழுகி, அந்த மண்ணை அப்படிப் பார்த்துக்கொள்வார். நம் வீட்டு முற்றத்தை ஒருநாள் இப்படி மெழுகினால் என்ன என்று கேட்டால் காது கேட்காது. இவ்வளவு செய்தவர் அணியில் ஒருநாளும் ஆடியதில்லை. பன்னிரண்டாவது ஆள் என்று பெயர். பந்து சீமைக்கருவேல முள்ளுக்குள் போனால் எடுத்துவருகிற ஆள் என்று அர்த்தம்.

முதுகு விஷயம் எங்கள் கல்யாணத்துக்கு முந்தைய வருஷம் ஆரம்பித்தது. திருமுக்கூடலோடு பைனல். அப்போது கேப்டன் சடையப்பன். நிலமும் பம்புசெட்டும் உள்ள வீட்டுப் பிள்ளை, ஊரில் முதன்முதலாகக் கடையில் பேட் வாங்கியவர். ஊர்த்தெருப் பையன்களும் எங்கள் காலனிப் பையன்களும் தோளில் கை போட்டுக்கொண்டு நின்றது அந்த ஏரிக்குள் மட்டும்தான். அதற்குக் காரணமும் அவர்தான். அதை நான் மறுக்க மாட்டேன்.

அன்றைக்கு இவர் பவுண்டரிக் கோட்டோரம் நின்று பார்க்கப் பார்க்க நம் ஆட்கள் வரிசையாக அவுட். தொண்டை காய்ந்துபோய், தண்ணீர்ப் பானைப் பக்கம் இவர் திரும்பியிருக்கிறார். முதுகுக்குப் பின்னால் பந்து பவுண்டரிக்குப் போன சத்தம். ஆசையாகத் திரும்பிப் பார்த்தார். அடுத்த பந்திலேயே ஒருவன் ஸ்டம்பு பறந்தது. நடுவில் மட்டையோடு நின்ற சடையப்பன் அங்கிருந்தே கத்தினாராம், "டேய் வேதகிரி! உம் மூஞ்ச அந்தாண்ட திருப்பிக்கினு நில்லுடா!" இவர் திருப்பிக்கொண்டார். எங்கள் ஊர் ஜெயித்தது.

அவ்வளவுதான், சட்டமாகிவிட்டது. மேட்ச் முழுக்க இவர் பார்க்கலாம். கடைசி ஓவர்கள் வந்து நெஞ்சு படபடக்கிற நேரத்தில் மட்டும் கிரவுண்டே கத்தும், "வேதகிரி, திரும்பிக்கோ!" மைக் செட் வந்தபிறகு அதையும் டேனியல் எடுத்துக்கொண்டான். "மைதானத்தின் கரையோரம் நிற்கும் அன்பு அண்ணன் வேதகிரி அவர்கள் உடனடியாகத் திரும்பிக்கொள்ளுமாறு விழாக் கமிட்டியின் சார்பில் கேட்டுக்கொள்கிறோம்!" எல்லோரும் கை தட்டுவார்கள். இவர் ஒரு கும்பிடு போட்டுவிட்டுத் திரும்பிக்கொள்வார்.

நான் புதுப்பெண்ணாக வந்த கோடையில், இவருக்குச் சோறு எடுத்துக்கொண்டு ஏரிக்குப் போனேன். கரை மேலே ஏறிப் பார்த்தால் ஊரே ஒரு பக்கம் பார்த்துக்கொண்டிருக்கிறது. என் புருஷன் மட்டும் எதிர்ப்பக்கம் திரும்பி, கையைப் பிசைந்துகொண்டு, நேராக என்னைப் பார்க்கிறார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஊர் நடுவில் இப்படியா பெண்டாட்டியைப் பார்ப்பார்கள்?

"இன்னா ஆச்சு சொல்லு, சீக்கிரம் சொல்லு!" என்றார்.

"இன்னா ஆச்சா? சோறு கொண்டாந்தேன்."

"சோத்த உடு. நடுவுல இன்னா நடக்குதுன்னு பாத்துச் சொல்லு."

"ஒர்த்தன் ஓடியாந்து கல்லு மாரி ஒண்ண எறியறான். இன்னொர்த்தன் கட்டைய வீசறான். இப்ப அவன் கட்டையத் தூக்கிக்கினு வெளிய வரான்."

"ஐயோ! எந்தப் பக்கத்து ஆளு?"

"எனக்கு இன்னா தெரியும்? வெள்ளச் சட்ட."

"ரெண்டு பக்கமும் வெள்ளச் சட்டதாம்மே!"

அவர் தவித்த தவிப்பைப் பார்த்துச் சிரிப்பு வந்துவிட்டது. நான் சிரித்ததைப் பார்த்து, நாம்தான் ஜெயிக்கிறோம் என்று அவரும் சிரித்தார். உண்மையில் அன்றைக்கு நாங்கள் தோற்றுக்கொண்டிருந்தோம்.

அப்படி ஆரம்பித்தது. அடுத்த கோடைக்குள் எனக்கு ஓவர் என்றால் என்ன, எல்பி என்றால் என்ன எல்லாம் தெரிந்துவிட்டது. அதற்கடுத்த கோடையில் வாய் திறந்து சொல்லவேண்டிய அவசியமே போய்விட்டது. நான் கரைச் சரிவில் பனைமர நிழலில் நிற்பேன். அவர் கீழே நின்று என் முகத்தைப் பார்ப்பார். என் புருவம் ஏறினால் பந்து மேலே போகிறது. நான் உதட்டைக் கடித்தால் கேட்ச் பிடிக்க ஆள் ஓடுகிறான். கன்னத்தில் கை வைத்தால் அவுட். எங்கள் ஊர் வாங்கிய கப் எல்லாவற்றையும் இந்த மனுஷர் என் முகத்தில்தான் பார்த்தார். நான் அழகி என்று யாரும் சொன்னதில்லை. ஆனால் என் முகத்தை அப்படிக் கண் கொட்டாமல் பார்த்த ஆள் ஒருவர் இருந்தார். அதில் எனக்குக் கர்வம் உண்டு, ஏன் மறைக்கவேண்டும்?

இருந்தாலும் எரிச்சலும் உண்டு. ஜெயித்தால் வேதகிரியின் முதுகு ஜெயித்தது என்பார்கள். தோற்றால் என்ன சொல்லவேண்டும், முதுகு தோற்றது என்றுதானே? இல்லை. "இவன் ஓரக்கண்ணால பாத்திருப்பான்டா" என்பார்கள். இவர் பார்க்கவே இல்லை என்பதற்கு நான் சாட்சி, ஆனால் என் சாட்சியை யார் கேட்டார்கள்? நான் வாயை அடக்குகிறவள் இல்லை. ஒருநாள் வீட்டில் கேட்டேவிட்டேன்.

"ராசியில்லாத மூஞ்சி ஒண்ணு வோணும்னா, அது எப்புடியா ஒவ்வொரு தபாவும் நம்ம தெருவுலயே கெடைக்குது? ஊர்த்தெருவுல ஒரு மூஞ்சிகூடவா கெட்ட மூஞ்சி இல்ல?"

அவர் கோபப்படவில்லை. "நீ வேற. அவ்ளோ ஜனத்துல யாரு பேர மைக்ல கூப்புட்றாங்க? ஆடறவன் பதினோரு பேரு கீறான். முதுவு காட்றவன் நான் ஒர்த்தந்தான்" என்றார். உத்தியோகம் கிடைத்தவர் பேசுகிற பேச்சு அது. 

வெற்றி தோல்வி இரண்டையும் ஒரேமாதிரி பார்த்தார் என்று சொன்னால் பொய். தோற்ற அன்றைக்குச் சாப்பிட மாட்டார். ஆட்டுக்குட்டியிடம்கூடப் பேச மாட்டார். ஆனால் மறுநாள் காலையில் முதல் ஆளாக ஏரிக்குப் போய் பிட்ச்சில் ஸ்டம்பு நட்ட ஓட்டைகளை மண் போட்டு மூடிவிட்டு வருவார். தொடர்ந்து பல வருஷம் முதல் சுற்றிலேயே தோற்ற காலம் ஒன்று இருந்தது. நல்ல பையன்கள் எல்லாம் ஒரகடம் பக்கம் கம்பெனி வேலைக்குப் போய்விட்டார்கள். ஷிப்ட் முடிந்து தூக்கக் கலக்கத்தோடு வந்து ஆடுவார்கள். சாமியானாவில் பாதி நாற்காலி காலியாக இருக்கும். அப்போதும் இவர் அதே இடத்தில் நிற்பார். டேனியல் கூப்பிட மறந்தால் கையைத் தூக்கி, "யப்பா, திரும்பட்டுமா?" என்று இவரே கேட்பார்.

பெருமழை பெய்த வருஷம் ஏரி அடுத்த கோடையிலும் வற்றவில்லை. தினமும் விடிந்ததும் மதகுப் பக்கம் போய்த் தண்ணீர் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பார்த்துவிட்டுச் சோகமாக வருவார். நடவு வேலை நிறையக் கிடைத்த வருஷம் அது. ஏரி வற்றவில்லையே என்று வருத்தப்பட்ட கூலிக்காரர் இந்தத் தாலுகாவிலேயே இவர் ஒருவராகத்தான் இருப்பார். கொரோனா வந்த கோடையில் டோர்னமென்ட் இல்லை. இவர் மட்டும் போய் பிட்ச் போட்டு மெழுகிவிட்டு வந்தார். யார் ஆடப் போகிறார்கள் என்று கேட்டேன். "ஆடாட்டி போவுது. மண்ணுக்குப் பயக்கம் உட்டுப் பூடக்கூடாது" என்றார்.

டிவியில் இந்தியா ஆடும்போது மட்டும் கடைசிப் பந்துவரைக்கும் தாராளமாகப் பார்ப்பார். அங்கே திரும்பிக்கொள்ள வேண்டாமா என்று கேட்டால், "அவங்களுக்கு வேற எவனாச்சும் எங்கனா முதுவு காட்டிக்கினு நிப்பான். நம்ம ஊருக்குத்தான் நான்" என்பார்.

இதெல்லாம் ஒரு பக்கம் இருக்கட்டும். எங்கள் மகன் வசந்த்குமார் மட்டை பிடிக்க ஆரம்பித்த பிறகுதான் இந்த முதுகு எனக்கு நிஜமாகவே வலிக்க ஆரம்பித்தது.

அவன் அஞ்சாவதாக இறங்குகிறவன். ஆரம்பத்தில் நிதானமாகத் தட்டுவான். கடைசி ஓவர்களில்தான் அவன் ஆட்டமே. ஏரிக்கரையைத் தாண்டி அவன் அடித்த பந்தைத் தேடி நாங்கள் கரும்புத் தோட்டம்வரைக்கும் போயிருக்கிறோம். அவன் பெயரை புள்ளலூரில்கூடச் சொல்வார்கள். ஆனால் அவன் கை ஓங்குகிற நேரமும் அவன் அப்பா திரும்பிக்கொள்கிற நேரமும் ஒன்றாகப் போய்விட்டன. பிள்ளை ஒரு ரன் ஓடுவதையும், பந்தை விட்டுவிடுவதையும் பார்த்திருக்கிறார். அவன் அடித்து ஜெயிக்க வைத்ததை மட்டும் பார்த்ததில்லை. ஊரில் பால் வாங்க வந்தவர்கள்கூட, "இன்னா அடி அடிச்சான்யா உம் பையன்!" என்பார்கள். இவர் தலையை ஆட்டிக்கொள்வார். வீட்டுக்கு வந்து என்னிடம், "எப்டி அடிச்சான், கைய எங்க வெச்சிக்கினு அடிச்சான்?" என்று கேட்பார். நான் துடைப்பத்தைப் பிடித்துக்கொண்டு அடித்துக் காட்டுவேன். என்னால் முடிந்தது அவ்வளவுதான்.

இந்தக் கோடையில் வசந்துக்குக் கம்பெனியில் மாற்றல் வந்தது. குஜராத்தில் புது பிளான்ட். போனால் வருஷத்துக்கு ஒருமுறை தீபாவளிக்கு வந்தால் உண்டு, கோடையில் லீவு கிடையாது. டோர்னமென்ட் முடிந்த வாரமே ரயில். எங்கள் ஊர் பைனலுக்கும் வந்துவிட்டது, எதிரில் புள்ளலூர். அதுதான் அவன் எங்கள் ஏரியில் ஆடுகிற கடைசி மேட்ச்.

அன்றைக்குக் காலையில் நாஷ்டா சாப்பிடும்போது தட்டைப் பார்த்துக்கொண்டே அப்பாவிடம் சொன்னான்.

"நைனா, இன்னிக்குத் திரும்பாத."

"எத்த?"

"கடைசியில. திரும்பாம நான் ஆட்றதப் பாரு. ஒரே ஒரு தபா."

இவர் இட்லியைப் பிட்டது பிட்டபடி இருந்தது. "ஊரு தோத்துப் பூடும்டா."

"தோக்காது நைனா."

"உனக்கு இன்னா தெரியும்? நீ பொறக்கறதுக்கு முன்னால இருந்து நின்னுக்கினு கீறேன். பைனல்ல போயி வெளயாடச் சொல்றியா? உங்கம்மா பாத்துச் சொல்வா. எனக்கு அது போதும்."

வசந்த் கையைக் கழுவிக்கொண்டு எழுந்துவிட்டான். எனக்கு வந்த கோபத்தில் சட்டினிக் கிண்ணத்தை நங்கென்று வைத்தேன். சட்டினி தெறித்ததுதான் மிச்சம், இரண்டு ஆண்களும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

பைனல் மத்தியானம் ஆரம்பித்தது. பனைமர நிழல் கிரவுண்டுக்குள் நீளத் தொடங்கியபோது எங்கள் ஊர் பேட்டிங். நன்றாகத்தான் போனது, பிறகு மளமளவென்று விக்கெட் சரிந்தது. கடைசி ஓவர் வந்தபோது வசந்த் ஒருவன்தான் நம்பிக்கை. டேனியல் மைக்கை எடுத்தான். "அன்பு அண்ணன் வேதகிரி அவர்கள்..." என்று ஆரம்பித்ததுமே ஊர் விசிலடித்தது. இவர் நடுவில் நிற்கிற பிள்ளையை ஒருதரம் பார்த்தார். பிறகு கும்பிடு போட்டார், திரும்பிக்கொண்டார்.

நான் வழக்கம்போலச் சரிவில் நின்றேன். என் முகத்தை அவருக்குக் கொடுத்தேன். வசந்த் ஒரு பவுண்டரி அடித்தான், என் புருவம் ஏறியது, இவர் இரண்டு கை முஷ்டியையும் மடக்கிக் குலுக்கினார். அடுத்த இரண்டும் வீண். பிறகு இரண்டு பந்தில் இரண்டிரண்டு ரன். கடைசிப் பந்துக்கு நாலு ரன் என்று வந்து நின்றது.

பந்து போடுகிறவன் ஓடிவரத் தயாரானான். அப்போது வசந்த் ஸ்டம்பை விட்டு விலகி, மட்டையை மண்ணில் படுக்க வைத்தான். அம்பயர் அவனிடம் போனார். ஏதோ பேசினார்கள். கிரவுண்டு மொத்தமும் ஓய்ந்துபோனது.

"ஏன்மே சத்தமே காணோம்?" இவர் என் முகத்தில் தேடினார். "இன்னா ஆச்சு?"

"உம் புள்ள பேட்டக் கீய போட்டுட்டான்."

"ஐயோ, அடிகிடி பட்டுச்சா?"

அதற்குள் ஒரு பையன் ஓடிப்போய் டேனியலிடம் சொல்ல, மைக் கரகரத்தது. "ஆட்டம் சற்று நேரம் நிறுத்தி வைக்கப்படுகிறது. அதாவது, நமது அணியின் வசந்த்குமார் கேட்டுக்கொள்வது என்னவென்றால்... அவருடைய தந்தையார் இந்தப் பக்கம் திரும்பினால்தான் அடுத்த பந்தை ஆடுவாராம்." டேனியலுக்கே குரல் இறங்கிவிட்டது. "இத நான் இன்னான்னு சொல்றது..."

ஊர் கொதித்துவிட்டது. "திரும்பாத வேதகிரி!", "பைனல்டா, வெளயாட்டா?", "வசந்த், பேட்டத் தூக்குடா!" புள்ளலூர்க்காரர்கள் சிரித்துக்கொண்டு, "திரும்பு! திரும்பு!" என்று தாளம் போட்டார்கள். நடுவில் எங்கள் பிள்ளை இடுப்பில் கை வைத்துக்கொண்டு அசையாமல் நின்றான்.

சாமியானாவில் முதல் வரிசை நாற்காலியிலிருந்து சடையப்பன் எழுந்தார். இப்போது அவருக்கு மூட்டு வலி, மெதுவாகத்தான் நடப்பார். கோட்டோரமாகவே இவர் நிற்கிற இடத்துக்கு வந்துகொண்டிருந்தார். மிரட்டத்தான் வருகிறார் என்று நினைத்தேன். எனக்குள் அத்தனை வருஷமாகக் கிடந்தது அத்தனையும் கிளம்பிவிட்டது. சரிவில் தடதடவென்று இறங்கிப் போய் அவருக்கு முன்னால் நின்றேன்.

"இன்னா கேப்டனு, இன்னும் இன்னா வோணும் உங்களுக்கு? எம் புருஷன் மூஞ்சி உங்க யாருக்கும் ஆவாதுன்னு அவரு முதுவக் காட்டிக்கினு நின்னாரு. பெத்த புள்ள ஆட்றதக்கூடப் பாக்கல. இதுக்கு மேல இன்னா பண்ணச் சொல்றீங்க?"

சடையப்பன் என்னைப் பார்க்கவே இல்லை. இவரைத்தான் பார்த்தார்.

"டேய் வேதகிரி. அன்னிக்கு நான் சொம்மா வெளயாட்டுக்குச் சொன்னன்டா. டென்ஷன்ல வாய்க்கு வந்ததக் கத்துனேன். நீ இத்தினி வருசம் அத்தப் புடிச்சிக்கினு நிப்பன்னு கண்டனா? திரும்புடா. புள்ள நிக்கிறான் பாரு."

இந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து பிடுங்கவேண்டும் என்றுதான் நான் அத்தனை வருஷமும் காத்திருந்தேன். வந்துவிட்டது. ஆனால் அதைக் கேட்ட என் வீட்டுக்காரர் முகம் போன போக்கை நான் பார்த்தேன். எத்தனையோ தோல்விக்கு அந்த முகத்தைப் பார்த்தவள் நான். இப்படி ஒருநாளும் பார்த்ததில்லை. ஐயோ, சடையப்பன் இதைச் சொல்லாமலே இருந்திருக்கலாமே என்று இருந்தது எனக்கு.

"வெளயாட்டுக்கா கேப்டன்?" என்றார் இவர். "அன்னிக்கு ஜெயிச்சமே?"

"ஜெயிச்சோந்தான்."

"அப்பறம் இன்னா வெளயாட்டுன்றீங்க? நான் நின்னேன், ஜெயிச்சோம்."

 சடையப்பன் வேட்டி நுனியைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தார். வெயிலில் நின்ற அத்தனை பேரும் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் இவர் பக்கத்தில் போனேன். கோபமெல்லாம் வடிந்துவிட்டது. மெதுவாகத்தான் சொன்னேன்.

"யோவ். ஊரு அடுத்த வருசமும் ஆடும். உம் புள்ள ஆட மாட்டான்."

"தோத்துப் பூடும் அம்முலு."

"தோக்கட்டும்."

கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தார். என்ன தேடினாரோ, அது அங்கே இருந்திருக்கவேண்டும். தோள் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு திரும்பினார்.

வசந்த் தூரத்திலிருந்தே கையைத் தூக்கிக் காட்டினான். மட்டையை எடுத்துக்கொண்டான்.

இப்போது எனக்கு அவர் முதுகு. அணிப் பையன்கள் அவருக்கும் ஒரு பனியன் அடித்துக் கொடுத்திருந்தார்கள், முதுகில் பன்னிரண்டு என்று போட்டு. துவைத்துக் காயப்போடும்போதுதான் அந்த எண்ணைப் பார்த்திருக்கிறேன். இவர் போட்டுக்கொண்டு நிற்கும்போது அது எப்போதும் கிரவுண்டுப் பக்கம்தான் இருக்கும். வியர்வையில் நனைந்து ஒட்டிக்கிடந்த அந்த முதுகை இத்தனை கோடையில் முதன்முதலாகப் பார்த்தேன். இந்த முதுகைத்தானா ஊர் இவ்வளவு நம்பியது என்று நினைத்தேன். அவ்வளவு ஒடிசலான முதுகு.

பந்து போடுகிறவன் ஓடிவந்தது தெரிந்தது. மட்டையில் பட்ட சத்தம் நன்றாகக் கேட்டது. நான் பந்தைப் பார்க்கவில்லை. என் கண் அந்த முதுகை விட்டு நகரவில்லை. இரண்டு தோளும் மேலே ஏறின. தலை நிமிர்ந்தது, மெல்ல மெல்ல இன்னும் நிமிர்ந்து, பந்து போகிற பக்கமெல்லாம் திரும்பியது. குதிகால் தரையை விட்டு எழும்பியது. அப்படியே நின்றார். 

பிறகு சத்தம் வந்தது. புள்ளலூர்க்காரர்கள் பக்கமிருந்து.

கோட்டுக்கு ஒரு முழம் உள்ளே ஓடிவந்து ஒருவன் பிடித்துவிட்டானாம்.  எங்கள் ஊர்ப் பக்கம் டேனியலின் மைக் மட்டும் சும்மா கரகரத்துக்கொண்டிருந்தது. என்னைத்தான் திட்டப்போகிறார், நான்தானே திருப்பிவிட்டேன் என்று நான் இறுகிப்போய் நின்றேன்.

இவர் என் பக்கம் திரும்பினார். அந்த முகத்தை என்னவென்று சொல்வேன்? கப் வாங்கின வருஷங்களில்கூட அப்படி மலர்ந்ததில்லை.

"பாத்தியா அம்முலு? நான் பாத்தா தோத்துப் பூடும்னு சொன்னனா இல்லியா!"

சடையப்பனிடமும் போய்ச் சொன்னார். "பாத்தீங்களா கேப்டன்? வெளயாட்டுன்னீங்களே!"

சடையப்பன் அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு தோளில் கை வைத்து, "மெய்தான்டா. அடுத்த வருசம் ஒயுங்கா திரும்பிக்கோ" என்றார். அந்த மனிதர்மேல் எனக்கு இருந்த கோபம் அந்த இடத்தில்தான் தீர்ந்தது. ஜெயித்திருந்தால் என் புருஷன் நின்ற அத்தனை கோடையும் ஒன்றுமில்லாமல் போயிருக்கும் என்பது எங்கள் மூன்று பேருக்கும் தெரிந்திருந்தது.

வசந்த் மட்டையை இழுத்துக்கொண்டு வந்தான். ஊர்ப் பையன்கள் அவனிடம் பேசாமல் விலகிப் போனார்கள். அவன் அழுதுவிடுவான்போல இருந்தான்.

"பாத்தியா நைனா?"

"பாத்தேன்டா. மொத்தமும் பாத்தேன்" என்று சொல்லி, அவன் வியர்வைத் தலையைத் தன் துண்டால் துடைத்துவிட்டார். பிள்ளைக்கு இருபத்தெட்டு வயது. தலையைக் குனிந்து காட்டிக்கொண்டு நின்றான்.

ஏரிக்கரை மேலே நாங்கள் இரண்டு பேரும் வீட்டுக்கு நடந்தோம். வழக்கமாக அந்த வழியெல்லாம் நான் பேசுவேன், அவர் கேட்டுக்கொண்டு வருவார். அன்றைக்கு அவர் நிறுத்தவே இல்லை. கையில் மட்டை இருப்பதுபோல வைத்துக்கொண்டு, காலை முன்னால் போட்டு, வழியில் நின்று நின்று அடித்துக் காட்டினார்.

"இப்டி வந்துச்சு பாலு. காலத் தூக்கி முன்னால வெச்சான். அப்டியே ஏந்தித் தூக்குனாம்மே, பனைமரத்துக்கு மேல போச்சு. மேல போயி ஒரு நிமிசம் அங்கயே நின்னாப்ல இருந்துச்சு. நீயுந்தான பாத்த?"

"நான் எங்க பாத்தேன்? உன்னத்தான் பாத்துக்கினு இருந்தேன்."

அவர் நின்றுவிட்டார். "அப்ப நீ பாக்கவே இல்லியா?"

"இல்ல. சொல்லு. மேல போச்சு, அப்பறம் இன்னா ஆச்சு?"

"ஒர்த்தன் ஓடியாந்து புடிச்சிட்டான்."

"எந்தப் பக்கத்து ஆளு?" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரும் சிரித்தார். பிறகு, மறுபடியும் முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தார்.